தட்டுவடை செட் சாப்பிட்டால் சரியாகிவிடுமா?

சேலம் அம்மாப்பேட்டை வாசகர், 2024 நவம்பர் 22

வெளிநாட்டில் இருக்கும் மகன், மகள், அக்கா, தங்கை வீட்டுக்கு இரண்டு மூன்று மாதம் போய் இருந்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். வந்ததிலிருந்து மனசு ஒட்டவில்லையாம், சோறு இறங்கவில்லையாம், தூக்கம் இல்லையாம். எனக்கு இது வசதிக்காரர் வியாதியாகத்தான் தெரிகிறது. பாஸ்போர்ட்டே எடுக்காதவன் சொல்கிறேன், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ஒரு தட்டுவடை செட் சாப்பிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும். மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

நவம்பர் 23, அதிகாலை 1.50

மறுக்கிறேன். இந்த நேரத்துக்கு அஸ்தம்பட்டியில் விழித்திருப்பது நானும் தெருநாய்களும்தான், அவை எழுதாது என்பதால் நான் எழுதுகிறேன்.

மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 61. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. மெல்போர்னில் அக்கா வீட்டில் 75 நாள் இருந்துவிட்டு நேற்று முன்தினம் விடியற்காலை வந்து சேர்ந்தேன். அக்காவுக்கு 70. நர்ஸ் வேலைக்கு 1986-இல் போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். அம்மா போனபோது எனக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினைந்து. மிச்சத்தை நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

இங்கே ஒன்றரை என்றால் அங்கே காலை ஏழு. உடம்புக்கு இன்னும் அந்த ஊர் மணிதான். ஏழு மணிக்கு அக்கா பித்தளை ஃபில்டரின் தலையில் கரண்டிக் காம்பால் இரண்டு தட்டு தட்டுவாள், டிக்காஷன் இறங்குவதற்கு. அந்த டக் டக்குக்குத்தான் 75 நாளும் எழுந்தேன். இங்கே சத்தம் இல்லை, முழிப்பு மட்டும் வந்துவிடுகிறது.

வசதிக்காரர் என்றீர்களே, டிக்கெட் எடுத்தது இரண்டு வருஷத்து மிளகுக் காசில். சட்டை மடிப்பு கலையாத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, நான் அழவில்லை. விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுகிறவர்களைப் பார்த்தேன். நான் அந்த ரகம் இல்லை.

நவம்பர் 23, மாலை 6.20

போய்ச் சாப்பிட்டேன். கேள்வி கேட்டவருக்கு மரியாதை செய்ய வேண்டுமே.

தட்டுவடை இரண்டு, நடுவில் பச்சைச் சட்னி ஒரு பக்கம், சிவப்புச் சட்னி ஒரு பக்கம், துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம். கடைக்காரர் இடது உள்ளங்கையில் ஆறு தட்டுவடையைச் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி வைத்துக்கொண்டு வலது கையால் பூசுகிற வேகம் இருக்கிறதே, அதைப் பார்க்கவே காசு கொடுக்கலாம். முதல் செட்டில் மனசு சரியாகவில்லை. அளவு போதவில்லையோ என்று இரண்டாவது வாங்கினேன். அதன்பிறகு தட்டுவடையை நொறுக்கிச் சட்னியில் கலந்து தரும் நொறுக்கல் ஒன்று. இப்போது மனசோடு சேர்த்து வயிறும் சரியில்லை.

படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். "எனக்கு வாங்காம ரெண்டு செட் தின்னியா?" என்று ஒரு வரி வந்தது.

நவம்பர் 24, ஞாயிறு

எதில் ஒட்டவில்லை என்று பொதுவாகப் புலம்பாமல் குறிப்பாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இன்று காலை முதல் பஸ்ஸில் தோட்டத்துக்குப் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறும்வரை நன்றாகத்தான் இருந்தேன். கேட்டைத் திறந்து உள்ளே போய் சில்வர் ஓக் மரங்களைப் பார்த்தேன் பாருங்கள், தொண்டை அடைத்துக்கொண்டது. தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், சில்வர் ஓக்கைப் பார்த்து யாரும் உருக மாட்டார்கள். காப்பிக்கு நிழல், மிளகுக் கொடிக்கு ஊன்றுகோல், வெட்டினால் காசு, அவ்வளவுதான். எனக்கோ அது 30 வருஷப் பகை. காற்றும் மழையும் சேர்ந்தால் முதலில் முறிவது இந்த மரத்தின் கிளைதான், விழுவது நேராக லைன்மேல்தான். எத்தனை ராத்திரி மழையில் கம்பம் ஏறி அந்த மரத்தைத் திட்டியிருக்கிறேன் என்று அதற்கே தெரியும்.

அக்கா வீடு நோபிள் பார்க் என்ற பகுதியில் இருக்கிறது. தினமும் சாயங்காலம் அவளோடு நடப்பேன். முழங்கால் வலி, அதனால் மெதுவாக, ஒவ்வொரு வீட்டு ரோஜாவையும் விசாரித்துக்கொண்டே வருவாள். நான் கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பு வழக்கமான தெருவை விட்டு வேறு தெருவில் திரும்பினோம். ஒரு முனையில் பெரிய மரம், மேலெல்லாம் ஆரஞ்சு நிறப் பூ. பூ என்றால் நம் பூ மாதிரி இல்லை, சீப்பின் பற்களைப் போல ஒரே பக்கமாக நிமிர்ந்து நிற்கிறது. கீழே ஒரு இலை விழுந்து கிடந்தது. எடுத்துத் திருப்பினேன். அடிப்பக்கம் வெள்ளி.

"அக்கா, இது நம்ம மரம்!"

அவள் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "நம்ம மரமில்ல கண்ணு, இவங்க மரம். நம்ம ஊர்க்காரங்க கொண்டுபோய் வச்சிருக்காங்க. நான் வந்த வருஷமே பார்த்துட்டேன்" என்றாள்.

சின்ன வயசிலிருந்து நான் நம் மலையின் மரம் என்று நினைத்துக்கொண்டிருந்தது ஆஸ்திரேலியா மரம். நம் தோட்டத்தில் வருஷா வருஷம் கிளை கழிப்பதால் அதன் பூவைக்கூட நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. நம் ஊருக்குக் காப்பி கொண்டுவந்த கலெக்டர் காக்பர்ன் துரைதான் 1820-களில் இதையும் சேர்த்துக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

வந்த வருஷமே பார்த்தவள் 38 வருஷமாக ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ எப்ப கேட்ட?" என்றாள்.

நவம்பர் 25

நேற்று எழுதியதில் இரண்டு தப்பு. ஒன்றை ஒரு தோட்டக்காரர் சுட்டிக்காட்டினார். காக்பர்ன் காப்பி கொண்டுவந்தது சரி. சில்வர் ஓக் அதற்கு ரொம்பப் பிற்பாடு வந்தது. துரைமேல் இல்லாத பழியைப் போட்டுவிட்டேன்.

இரண்டாவது அக்காவே சொன்னது. அந்த மரத்தின் சொந்த ஊர் மெல்போர்ன் இல்லையாம். கிழக்குக் கரையில் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸின் வடபகுதி. அங்கேயிருந்து மெல்போர்ன் ஆயிரம் கிலோமீட்டருக்குமேல் தூரம். தெருவில் அழகுக்கு வைத்ததுதான் நாங்கள் பார்த்தது. "இங்கயும் அது வெளியூர்தான் கண்ணு" என்றாள். மேலே ஏதோ சொல்ல வந்து, அடுப்பில் பால் என்று போய்விட்டாள்.

நவம்பர் 27

விசா பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நான் ஏஜென்ட் இல்லை, என் மருமகன் (அக்கா மகன்) கம்ப்யூட்டரில் போட்டான். 600 என்ற எண் கொண்ட பார்வையாளர் விசா, மூன்று மாதம் தங்கலாம். 8503 என்ற நிபந்தனை போட்டிருந்தால் பெரும்பாலும் அங்கே இருந்துகொண்டே வேறு விசா கேட்க முடியாது, ஆகவே இன்னும் ஒரு மாதம் இருந்து பார்க்கலாமே என்ற ஆசைக்கு முதலிலேயே முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். ஒரு வகையில் நல்லது. இல்லாவிட்டால் நானும் அக்காவும் தினமும் பேசிப் பேசித் தள்ளிப்போட்டிருப்போம்.

என்ன கொண்டுபோகலாம் என்பதற்கு என் அனுபவம். வீட்டுக்காரி பெட்டியின் ஓரத்தில் நியூஸ் பேப்பரில் சுற்றி ஒரு கொத்து கறிவேப்பிலை வைத்துவிட்டாள், என்னிடம் சொல்லாமல். விமானத்தில் கொடுத்த அட்டையைப் படித்ததும் வியர்த்துவிட்டது. சாப்பாட்டுச் சாமான், செடி, விதை எது இருந்தாலும் எழுதிக் கொடுக்க வேண்டும், மறைத்தால்தான் அபராதம். எல்லாவற்றுக்கும் "ஆம்" போட்டேன். விமான நிலையத்தில் சோதனை செய்த அம்மாள், வறுத்து அரைத்த காப்பித்தூளை முகர்ந்து பார்த்துத் திருப்பித் தந்தார், மிளகைத் தந்தார், கறிவேப்பிலையைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையாலும் எடுத்துக் குப்பையில் போட்டார். நியாயம்தான். செடியோடு என்ன பூச்சி வரும் என்று யாருக்குத் தெரியும்?

வயர்மேன் கண்ணில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு பெரிய நகரத்தில் மின்கம்பம் மரக்கம்பம்! நம் ஊரில் சிமென்ட்டுக்கு மாறி எத்தனை காலமாகிறது. யூகலிப்டஸ் மரத்தை அப்படியே நட்டிருக்கிறார்கள், ராத்திரியானால் கம்பிமேல் பாசம் என்று ஒரு பிராணி, பூனை அளவு, ஓடிக்கொண்டிருக்கிறது. நான் முதல் வாரம் அண்ணாந்து பார்த்தே கழுத்து பிடித்துக்கொண்டது. அக்கா பேரப்பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் கம்பத் தாத்தா.

அப்புறம் லீவு விஷயம். அக்டோபர் 31 தீபாவளிக்குப் பிள்ளைகள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். நவம்பர் 5 செவ்வாய்க்கிழமை குதிரைப் பந்தயத்துக்கு ஊரே லீவு. தொப்பியில் இறகு வைத்துக்கொண்டு பெண்கள் ரயிலில் போனார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குலதெய்வம்.

நவம்பர் 28, அதிகாலை 1.40

23-ஆம் தேதி அழவில்லை என்று எழுதினேன். அது மெல்போர்ன் வரைக்கும் உண்மை.

விமான நிலையத்தில் உள்ளே போகும் இடத்தில் அக்கா என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். நான் "போறேன்க்கா" என்றேன். காலரை விடாமல், "ஒழுங்கா சொல்லு" என்றாள். "போயிட்டு வர்றேன்" என்றேன். விட்டாள். அவ்வளவுதான். இருவருமே அந்த விஷயத்தில் அப்பா பிள்ளைகள்.

சிங்கப்பூரில் திருச்சி விமானத்துக்கு நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு ராத்திரி ஒரு மாத்திரை போடுவேன். அக்கா ஒரு மாத்திரை டப்பா கொடுத்திருந்தாள், வரிசைக்கு ஏழு குழியாக நான்கு வரிசை, 28 நாளைக்கு. ஒவ்வொரு மூடியிலும் மார்க்கர் பேனாவால் ஞா, தி, செ, பு, வி, வெ, ச. விரல் முட்டி வீங்கியிருப்பதால் இப்போது அவள் எழுத்து கோணிக்கொண்டு போகிறது, ஞா மட்டும் அந்தக் காலத்து மாதிரி வளைவு வளைவாக அழகாக இருந்தது. புதன்கிழமைக் குழியைத் திறந்தேன். மாத்திரைமேல் நகத்தளவு காகிதம். அதில் "சாப்பிட்டியா?" என்று எழுதியிருந்தது.

நான் சாப்பிட்டிருக்கவில்லை. அவ்வளவு பெரிய விமான நிலையத்தில் கழிப்பறை கண்டுபிடிப்பது சுலபம், நல்லவேளை.

திருச்சியிலிருந்து முசிறி, தொட்டியம், நாமக்கல், ராசிபுரம் வழியாக டாக்ஸி. டிரைவர் தம்பி வழியெல்லாம் ஆஸ்திரேலியாவில் கிரிக்கெட் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டே வந்தார். காவிரியை இருட்டில் பார்க்க முடியவில்லை.

டிசம்பர் 3

மூன்று நாளாக எழுத நேரமில்லை. ஃபெஞ்சல் புயல் 30-ஆம் தேதி ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை ஏறியது, நமக்கென்ன என்று இருந்தேன். ஒன்றாம் தேதி, இரண்டாம் தேதி நம் மலைமேல் கொட்டித் தீர்த்துவிட்டது. ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். தோட்டத்துக்குப் போக வழியில்லை. அங்கே இருக்கிற ஆள் போனில் சொன்னார், இரண்டு சில்வர் ஓக் முறிந்து மிளகுக் கொடியோடு கிடக்கிறது, பழுத்த காப்பிப் பழம் வெடித்துப் பாதி தரையில் என்று. 24-ஆம் தேதி அந்த மரத்துக்கு உருகினேனே, வாபஸ் வாங்குகிறேன்.

பழம் பறிப்புக்கு ஆள் வேண்டும் என்றுதானே நவம்பர் 20-க்கு டிக்கெட் போட்டேன். "பழத்த யாராச்சும் பறிப்பாங்க, நீ பொங்கலுக்குப் போ" என்று அக்கா சொன்னாள், விசா டிசம்பர் ஏழு வரைதான் என்பதை மறந்து. நான் பெரிய விவசாயி மாதிரி, "பழம் காத்திருக்காதுக்கா" என்றேன். பழம் மழைக்கு உதிர்ந்துவிட்டது. இன்னும் இரண்டு வாரம் அங்கேயே இருந்திருக்கலாம்.

நேற்று மட்டும் அவள் ஏழு தடவை கூப்பிட்டாள். அவளுக்கு இன்னும் மழை என்றால் நான் கம்பத்தின்மேல் இருக்கிறேன் என்று நினைப்பு. "ரிடையர் ஆகி மூணு வருஷம் ஆச்சுக்கா" என்றால், "எதுக்கும் வெளிய போகாத" என்கிறாள்.

டிசம்பர் 6

அம்மாப்பேட்டைக்காரர் மறுபடியும் வந்திருக்கிறார். "75 நாள் கூடவே இருந்தீர்கள், வயிறார இருந்துவிட்டு வந்தவனுக்குப் பசி ஏன்?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

அப்பா 2020 ஆகஸ்ட்டில் போனார். வயது 91. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து, சீட்டுப் போட்டு, அந்த இரண்டு ஏக்கரை வாங்கிக் காப்பி நட்டவர். அந்த வருஷம் மார்ச் 25-லிருந்து ஆஸ்திரேலியா தன் குடிமக்களையே தனி அனுமதி இல்லாமல் வெளியே விடவில்லை, அடுத்த வருஷம் நவம்பர் 1 வரைக்கும். மெல்போர்னில் அந்த ஆகஸ்ட்டில் ராத்திரி எட்டு மணிக்குமேல் ஊரடங்கு, வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குமேல் போகக்கூடாது. இங்கே சாவுக்கு 20 பேர். மாமா 2017-லேயே போய்விட்டார், மருமகன் வீடு 11 கிலோமீட்டர் தள்ளி. அக்கா தனியாக உட்கார்ந்து போனில் பார்த்தாள். போனைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். கொள்ளி வைக்கிறவன் எப்படிப் போனைப் பிடிப்பது? பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தேன். அவன் கை நடுங்கியதில் அவள் பெரும்பாலும் பார்த்தது தரையைத்தான். இதை அவள் என்னிடம் சொன்னது இந்த அக்டோபரில்.

நான் கொண்டுபோன காப்பித்தூள் அப்பா நட்ட செடிகளுடையது. கொடுத்த அன்று மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, அலமாரியில் மேல்தட்டில் வைத்துவிட்டாள். கடைத் தூளில்தான் காப்பி. எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. அக்டோபர் 2 மகாளய அமாவாசை. அன்று காலையில் பார்த்தால் அந்தப் பொட்டலத்தைக் கத்தரியால் நூல் பிடித்த மாதிரி நேராக வெட்டிக்கொண்டிருக்கிறாள். 25 நாள் பிரிக்காமல் காத்திருந்தது அதற்குத்தான். முதல் தம்ளர் அப்பா படத்துக்கு. சர்க்கரை இல்லாமல், அவர் குடிக்கிற மாதிரி.

பிறகு படையல் சோற்றை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனோம், காக்காய்க்கு வைக்க. அங்கத்துக் காக்காய் கா கா என்று கத்தாது, பிள்ளை சிணுங்குகிற மாதிரி இழுக்கும். நாங்கள் இருவரும் "கா கா" என்று கூப்பிடுகிறோம், அது எங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிறது. அந்த நேரத்தில் மேக்பை என்ற பறவை வந்தது. கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், செப்டம்பர் அக்டோபரில் கூட்டில் குஞ்சு இருப்பதால் போகிறவர் வருகிறவர் தலையிலெல்லாம் பாயும். அதற்குப் பயந்து சைக்கிள்காரர்கள் ஹெல்மெட்டில் முள்முள்ளாக எதையோ செருகிக்கொண்டு போவார்கள். அது காக்காயைத் துரத்திவிட்டுச் சோற்றைச் சாப்பிட்டது. நிதானமாக, பருப்பை முதலில், அப்பளத்தைக் கடைசியில்.

அக்கா சொன்னாள், "அப்பா வெள்ளை வேட்டி கட்டி கறுப்புக் கோட்டு போட்டுட்டு வந்திருக்காரு. எஸ்டேட் கணக்கு முடிக்கிற நாள் போல." நான் சிரிக்க, அவள் சிரிக்க, பின்கட்டுப் படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் சிரித்தோம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிமேல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அப்போதுதான் அந்தத் தரை விஷயத்தைச் சொன்னாள். சிரிப்பு நின்ற பிறகு, தட்டைக் கழுவிக்கொண்டே, வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல.

அதன்பிறகு அப்பா சாவைப் பற்றி இருவரும் பேசவில்லை. வயிறார என்றீர்களே. அந்த ஒரு பேச்சுக்கே 25 நாள் ஆயிற்று.

டிசம்பர் 8

வீட்டுக்காரி இதையெல்லாம் உட்கார்ந்து முதலிலிருந்து படித்துவிட்டாள். எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொல்கிறாள், செய்கிறேன்.

ஒன்று, கறிவேப்பிலையை அவள் சொல்லித்தான் வைத்தாள், நான் காதில் வாங்கவில்லை. இரண்டு, 75 நாளும் அவள் இங்கே தனியாக அவளுடைய அம்மாவைப் பார்த்துக்கொண்டு, இடையில் மோட்டார் ரிப்பேரையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் வந்ததும் வாசலில் நின்று கேட்ட முதல் கேள்வி, "வைஃபை வேலை செய்யுதா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. போகும்போது அவளையும் பிரிந்துதான் போனேன், அப்போது ஒரு ராத்திரிகூட தூக்கம் கெடவில்லை என்று நான் சொல்லாமலே அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

மூன்றாவதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "அந்த ஊரும் இல்ல, காப்பியும் இல்ல. இங்க உங்கள கண்ணுன்னு கூப்பிட ஆளு கிடையாது. அதான் நோவு."

இரண்டு நாளாக இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே நான் அப்பா, தாத்தா, மாமா, அண்ணா, வயர்மேன் சார். கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் வரிசையில் பெயர் போட ஆரம்பித்துவிட்டார்கள். போன வாரம் ஒரு பஞ்சாயத்துக்குக்கூடக் கூப்பிட்டார்கள். அங்கே காலையில் குளிக்காமல் சாப்பிட உட்கார்ந்தால் திட்டு விழும். சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தால் நடுத்தெருவில் நிறுத்திச் சரிசெய்வாள். ரயிலில் என் கார்டையும் அவள்தான் வைத்துக்கொள்வாள், நான் தொலைத்துவிடுவேனாம். 61 வயதில் ஒருவனுக்குச் சின்னவனாக இருக்க உலகத்திலேயே ஒரு வீடுதான் இருக்கிறது, அது ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

வீட்டுக்காரி நேற்றிலிருந்து "கண்ணு, பால் வாங்கிட்டு வா" என்கிறாள். கிண்டல்தான். பால் வாங்கி வந்தேன்.

டிசம்பர் 9

ஒருவர் கேட்டார், அங்கே மலையெல்லாம் பார்த்தீர்களா என்று. பார்த்தேன். டாண்டெனாங் மலை, உச்சி 633 மீட்டர். நம் ஏற்காட்டுக்கு ஏறும்போது பாதி வளைவுக்கு முன்பே அந்த உயரம் வந்துவிடும். ஆனால் அங்கே பஃபிங் பில்லி என்று ஒரு குட்டி நீராவி ரயில், 1900-இல் போட்ட பாதையில் இன்னும் ஓடுகிறது. ஜன்னல் கட்டைமேல் உட்கார்ந்து காலை வெளியே தொங்கப்போட்டுக்கொண்டு போகலாம். அக்கா முழங்கால் வலியோடு ஏறி உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டாள். செருப்பு விழுந்துவிடும் என்று கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் மலை.

டிசம்பர் 17, செவ்வாய்

டப்பா முடிந்தது. ஆரம்பித்தது புதன்கிழமை என்பதால் முதல் வரிசையின் ஞாயிறு, திங்கள், செவ்வாய்க் குழிகளைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்திருந்தேன். இன்று ராத்திரியோடு எல்லா மூடியும் திறந்தாகிவிட்டது. வேறு எதிலும் துண்டுக் காகிதம் இல்லை. ஒவ்வொரு நாளும் திறக்கும்போது பார்த்தேன் என்பதை மறைப்பானேன்.

மறுபடி நானே நிரப்ப உட்கார்ந்தேன். மூடிகளைத் துணியால் துடைத்தபோது ‘வெ’ பாதி அழிந்துவிட்டது. துடைப்பதை நிறுத்திவிட்டேன். அழுக்காகவே இருக்கட்டும்.

2025 ஜனவரி 5

மலைப்பாதை திறந்து பறிப்பு நடக்கிறது. மழைக்குத் தப்பிய பழம் பரவாயில்லை. தோல் உரிக்கும் பல்ப்பர் மெஷினுக்குப் போகாமல் பழமாகவே களத்தில் காயப் போட்டிருக்கிறோம். நாளெல்லாம் கட்டையால் கிளறி முதுகு போய்விட்டது, நேற்று எட்டரைக்குப் படுத்தவன் எழுந்தது காலை ஐந்தே முக்கால். இடையில் முழிப்பே வரவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எழுந்து போனைப் பார்த்தால் ஒன்றரைக்கு அக்கா கூப்பிட்டிருக்கிறாள், ஒரே ஒரு தடவை. கீழே குரல் செய்தி. டக் டக் என்று ஃபில்டர் சத்தம், அப்புறம், "தூங்குறியா? சரி தூங்கு கண்ணு."

ஒன்றரைக்கு அலாரம் வைக்கலாமா என்று கேட்டேன். வைத்தால் போன் கிணற்றில் இருக்கும் என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். பேச்சுவார்த்தையில் காலை ஆறு மணி முடிவாகியிருக்கிறது. அங்கே பதினொன்றரை. அக்கா அந்த நேரத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள், இரண்டு கையும் வேலையாக இருக்கும், போனைப் பழக்கூடையில் சாய்த்து வைப்பாள். எனக்குப் பாதி முகமும் ஒரு ஆப்பிளும் தெரியும்.

ஜனவரி 19

அம்மாப்பேட்டைக்காரர் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறாராம். அவர் தம்பி குவைத்தில் 14 வருஷமாக இருக்கிறார் என்பதை இப்போதுதான் சொல்கிறார். வந்ததும் முதலில் என்னிடம் சொல்லுங்கள், தட்டுவடை செட் என் செலவு.

காப்பி காய்ந்து மூன்று மூட்டை. வறுத்த தூளை ஒரு கிலோ பார்சல் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, தபாலில் வேண்டாம் என்கிறாள் அக்கா. முழங்கால் ஆபரேஷனுக்குத் தேதி கேட்டிருக்கிறாளாம், அது ஆனால் மாங்காய் சீசனுக்கு வந்தாலும் வருவேன் என்கிறாள். இதையே 2019-லும் சொன்னாள்.

இன்று காலை பேசும்போது போனைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பச் சொன்னாள். எதற்கு என்று தெரியாமல் திருப்பினேன். மேஜைமேல் டப்பா இருந்தது.

"வெள்ளிக்கிழமை ஏன் மூடியிருக்கு?"